ஜெருத்தி ஊரின் நாற்பத்தொரு வாக்காளர்கள்

இலாரியோ ஒவெலார் குதிரை ஏறி ஊர் திரும்பிய அன்று, ஜெருத்தி ஊர்ப் பெண்கள் ஏர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாடு ஒன்றுகூட மிச்சமில்லை. பாதியை நம் பராகுவே படை தின்றது, மீதியைப் பிரேசில் படை தின்றது. அதனால் நான்கு பெண்கள் மார்புக்குக் குறுக்கே கயிற்றைப் போட்டு முன்னால் இழுத்தார்கள், ஐந்தாவது ஒருத்தி பின்னால் மேழியை அழுத்திப் பிடித்தாள். கசில்தா கயிற்றில் இருந்தாள். குளம்புச் சத்தம் கேட்டதும் எல்லோரும் கயிற்றை உதறிவிட்டு மரவள்ளிச் செடிகளுக்குள் ஒளியப் பார்த்தார்கள். குதிரையில் வருகிற ஆண் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

வந்தவன் தொப்பியைக் கழற்றினான். தலையில் வாசனை எண்ணெய் பளபளத்தது.

"நல்லா இருக்கீங்களா அண்ணி?" என்றான்.

அவள் கணவன் அன்செல்மோவின் சித்தப்பா மகன் இவன். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் நாட்டை ஆண்ட மார்ஷலின் படையில் சார்ஜென்டாக இருந்தவன். ஒருநாள் எல்லாப் பெண்களையும் தேவாலயத்து முன்னால் நிற்கவைத்து ஒரு காகிதம் படித்தான். ஜெருத்திப் பெண்களாகிய நாங்கள் எங்கள் நகைகளைத் தாய்நாட்டுக்குத் தர மனமுவந்து கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம், தேவைப்பட்டால் ஈட்டி எடுக்கவும் அனுமதி வேண்டுகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. அப்படி யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. இருந்தும் கீழே சிலுவைக்குறி போட்டார்கள். கசில்தாவின் தோட்டுத் திருகு இறுகிப்போயிருந்தது. இலாரியோவே முறுக்கிக் கழற்றினான். காதில் ரத்தம் வந்தது. அப்போதும் அண்ணி என்றுதான் கூப்பிட்டான்.

அந்தச் சண்டைக் காலத்தில் நடந்ததை அவள் யாரிடமும் வரிசையாகச் சொன்னதில்லை. எல்லைக் கோடு எங்கே போகிறது என்பதற்காக மூன்று நாடுகள் ஒன்று சேர்ந்து ஒரு நாட்டை அடித்தன. ஊரில் மீசை முளைத்தவன், முளைக்காதவன் எல்லோரும் போனார்கள். அன்செல்மோ செத்த செய்தியை அவளுக்கு யாரும் கொண்டுவரவில்லை. படைக்குப் பின்னால் காயம்பட்டவர்களைக் கவனிக்கப் போயிருந்த அவளே சதுப்பு நிலத்தில் அவனைக் கண்டெடுத்தாள். முகம் இல்லை. சட்டைத் தோளில் அவள் போட்ட ஒட்டுத் தையலை வைத்து அடையாளம் கண்டாள். தகரத் தட்டால் குழி தோண்டிப் புதைத்துவிட்டு ஊர் திரும்பினாள். படை பின்வாங்கியபோது, ஊரில் தங்குகிறவள் துரோகி, துரோகிக்கு ஈட்டி என்று இலாரியோதான் வந்து எல்லோரையும் விரட்டினான். மலையிலும் காட்டிலும் ஒரு வருடம் நடந்தார்கள். கசப்பு ஆரஞ்சும் பனங்குருத்தும் தின்றார்கள். அவளுடைய இரண்டு மகன்களும் அந்த வழியிலேயே செத்தார்கள். மகள் மௌரா மட்டும் பிழைத்தாள். விரட்டிய இலாரியோ பாதி வழியில் ஒரு நாள் காணாமல் போய்விட்டான்.

இப்போது ஜெயித்த பிரேசில் படையின் குதிரையில் வந்து நிற்கிறான். மார்ஷல் ஒரு மிருகம், அந்த மிருகம் செத்தது, இனி எல்லோரும் சுதந்திர மனிதர்கள் என்று குதிரைமேல் இருந்தபடியே சொன்னான்.

"அப்படியா," என்றாள் கசில்தாவுக்குப் பக்கத்தில் கயிற்றில் இருந்த பாசிலியா. "அப்ப எறங்கி வந்து கயித்தப் பிடி. ஒரு ஆளு கம்மியா இருக்கு."

அவன் சிரித்தான். இறங்கவில்லை.

அவன் வருவதற்கு முன் ஐந்து மாதமாக ஊரைப் பெண்களே நடத்தியிருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் அறுபது பேர். யாருடைய நிலம் எதுவரை என்று காட்ட வேலியும் இல்லை, கல்லும் இல்லை. கசில்தா ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து கொடுத்தாள். சண்டை வந்தால் ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து, சுருட்டுப் பிடித்தபடி பேசித் தீர்த்தார்கள். ஊரில் இருந்த ஒரே ஆண் லீனோ. இருபத்தைந்து வயது, ஒரு கால் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். அவனுக்கும் ஒரு துண்டு நிலம் அளந்து கொடுத்திருந்தார்கள்.

முழுசாக இரண்டு கையும் இரண்டு காலும் உள்ள ஓர் ஆண் வந்து சேர்ந்ததும் ஊரின் முகம் மாறிப்போனது. அதைத்தான் கசில்தாவால் பொறுக்க முடியவில்லை. ஒருத்தி மரவள்ளி மாவு ரொட்டி சுட்டுக் கொண்டுபோனாள். இன்னொருத்தி அவன் சட்டையைத் துவைத்துக் கொடுத்தாள். ஒரு மாதத்துக்குள் அவனுக்கு மூன்று வீட்டில் சாப்பாடும் படுக்கையும் கிடைத்தன. அவனைத் திட்டித் தீர்த்தவர்களே அவன் தெருவில் வந்தால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள். கசில்தாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருந்த ஒரே கோழியை அறுத்துச் சமைத்து அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சொந்தக்காரன், ஊரில் அதிகாரம் அவனுக்கு வரும்போலிருக்கிறது, மௌராவுக்கு நல்லது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் எலும்பை உறிஞ்சி மேசைமேல் துப்பியதைப் பார்த்தபோது அவன்மேல் வந்த அருவருப்பைவிடத் தன்மேல் வந்தது அதிகம்.

ஜூலை மாதக் குளிரில் தலைநகர் அசுன்சியோனிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மூக்குக்கண்ணாடி, கறுப்புக் கோட்டு, காவலுக்கு நான்கு பிரேசில் சிப்பாய்கள். பெண்களைக் கூட்டிவைத்து நெஞ்சில் கைவைத்துப் பேசினார். பராகுவேப் பெண்களின் தியாகத்தைக் கண்டு நாகரிக உலகம் முழுவதும் வியக்கிறதாம். இந்த நாட்டையே நீங்கள்தான் தோளில் சுமக்கிறீர்கள் என்றார். பெண்களில் பாதிப் பேருக்கு மேலே போட்டுக்கொள்ள முழுத் துணியில்லை. பிறகு, புதுச் சட்டப்படி ஊருக்கு ஒரு நீதிபதியை ஊராரே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்.

ஊரார் என்றால் நாங்களுமா என்று கசில்தா கேட்டாள்.

அதிகாரி அன்பாகச் சிரித்தார். "நீங்க பட்ட கஷ்டமே போதும்மா. இதுக்கெல்லாம் உங்களச் சிரமப்படுத்த மாட்டோம்."

அன்று மதியம் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்து, சண்டையில் உயிர் கொடுத்த ஆண்களின் பட்டியல் எழுதப்போகிறோம், விதவைகளுக்கு அரசாங்கம் ஏதாவது செய்யும் என்று இலாரியோ வாயால் சொல்லவைத்தார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். பலருக்கு அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லி வருடக்கணக்காகியிருந்தது. ஒருத்தி தன் மூன்று மகன்களின் பெயரைச் சொல்லிவிட்டு, நான்காவது பெயர் வராமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயது, தொழில் எல்லாம் கேட்டு எழுதினார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். ஏன் என்று யாருக்கும் தோன்றவில்லை. அன்செல்மோ ஒவெலார், முப்பத்தெட்டு வயது, விவசாயி என்று கசில்தா சொன்னாள். நல்ல பெயர் என்று அதிகாரி சொல்லி எழுதிக்கொண்டார். மொத்தம் நாற்பத்தொரு பெயர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதே மேசையில் தேர்தல் நடந்தது. பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்கள். இலாரியோ வாக்குப் போட்டான். லீனோ கட்டையை ஊன்றி வந்து போட்டான். அரை மணி நேரத்தில் மேசையை மடித்துக்கொண்டு அதிகாரி கிளம்பிவிட்டார். போகும்போது தேவாலயக் கதவில் முத்திரை குத்திய காகிதம் ஒன்றை ஆணியடித்துவிட்டுப் போனார்கள்.

படித்துச் சொல்லச் சொல்லி கசில்தா லீனோவை இழுத்து வந்தாள். அவன் சத்தமாகவே ஆரம்பித்தான். ஜெருத்தி ஊரின் நீதிபதியாக இலாரியோ ஒவெலார் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், வாக்களித்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதோடு நிறுத்திக்கொண்டான்.

"ரெண்டு பேருதானே போட்டீங்க?" என்றாள் பாசிலியா.

லீனோ கட்டையை மாற்றி ஊன்றினான்.

"படிடா," என்றாள் கசில்தா.

அவன் படித்தான். ஒவ்வொரு பெயராக. அந்தப் பெயருக்குரியவள் கூட்டத்தில் எங்கே நிற்கிறாளோ அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று அதைச் சொல்ல முடியாது. அடிவயிற்றில் குத்து வாங்கினால் வருகிற மாதிரி ஒரு மூச்சு. அன்செல்மோ ஒவெலார், விவசாயி, நேரில் வந்து வாக்களித்தார் என்று லீனோ படித்தபோது கசில்தாவுக்கு அந்தச் சதுப்பு நிலத்து நாற்றம் மூக்கில் ஏறியது. உண்மையாகவே ஏறியது. கையை முகர்ந்து பார்த்தாள்.

நேராக இலாரியோவிடம் போனாள். அவன் வாசலில் உட்கார்ந்து யெர்பா இலை ஊறவைத்த மாத்தே பானம் உறிஞ்சிக்கொண்டிருந்தான். கோபப்படவில்லை. சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினான். இரண்டு வாக்குள்ள ஊரை யார் ஊர் என்று மதிப்பார்கள், பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள், எல்லாம் நம் நன்மைக்குத்தான் என்றான்.

"அண்ணன் இருந்திருந்தா எனக்குத்தானே போட்டிருப்பாரு அண்ணி?"

அவள் திரும்பி வந்தாள். தேவாலயக் கதவிலிருந்து காகிதத்தைப் பிய்த்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அதை வைத்து என்ன செய்வது என்று அப்போது அவளுக்குத் தெரியாது. அன்செல்மோவின் பெயர் காற்றிலும் மழையிலும் அங்கே தொங்குவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பரில் விதைப்பு முடிந்த கையோடு புது நீதிபதி முதல் உத்தரவு போட்டார். ஊரை விட்டுப் போயிருக்கும் ஆண்களின் நிலத்துக்கு இனி நீதிபதியே காப்பாளர். மனைவிமார் நிலத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் ஓர் ஆணின் கையெழுத்தோடு வர வேண்டும். கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்ததெல்லாம் செல்லாது.

கசில்தா மறுபடியும் அவன் வீட்டுப் படியேறினாள். தன்னை விதவை என்று எழுதிக் கொடுக்கக் கேட்டாள். விதவைக்கும் பிள்ளைக்கும் நிலத்தில் உரிமை உண்டு என்று லீனோ சொல்லியிருந்தான்.

"எப்படி எழுதுறது அண்ணி?" என்றான் இலாரியோ. உண்மையிலேயே வருத்தப்படுகிறவன்போல உதட்டைப் பிதுக்கினான். "ஜூலை மாசம் வோட்டுப் போட்ட ஆளு, அதுக்கு ஒன்றரை வருஷம் முந்தியே செத்துட்டாருன்னு ஒரு நீதிபதி எழுதலாமா?"

"நான் பொதைச்ச கைய்யி இது," என்று அவள் இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான். எண்ணெய் வாசனையும் புகையிலை வாசனையும் கலந்து அடித்தது. நமக்குள் எதற்கு இந்தப் பேச்சு, நீ என் வீட்டுக்கு வந்துவிட்டால் என் கையெழுத்து உன் கையெழுத்து, மௌராவும் தகப்பன் இல்லாத பிள்ளையாக வளர வேண்டாம் என்றான். அதைச் சொல்லும்போதும் அண்ணி என்றே சொன்னான். கசில்தா கையை உருவிக்கொண்டு ஓடைக்குப் போனாள். சாம்பலும் மணலும் போட்டு முழங்கை வரை தேய்த்தாள்.

அவனுக்கு எதற்கு இத்தனை அவசரம் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. அடித்த மூன்று நாடுகளில் ஒன்றின் தலைநகரான பியூனஸ் அயர்ஸிலிருந்து ஒரு வியாபாரி மாட்டுப் பண்ணைக்கு நிலம் தேடி வந்திருக்கிறான், ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கும் விளைநிலம் முழுவதும் அவனுக்குப் போகப்போகிறது என்று இலாரியோவின் மூன்று வீடுகளில் ஒரு வீட்டிலிருந்து செய்தி கசிந்தது. சண்டை போட்டுப் பிடித்த நிலம் போக மிச்சமிருந்ததை இப்போது கையெழுத்துப் போட்டுப் பிடிக்க வந்திருந்தார்கள்.

பாசிலியாவும் கசில்தாவும் களை எடுத்துக்கொண்டே பேசினார்கள். பாசிலியாவுக்கு எந்தத் துக்கத்திலும் வாய் சும்மா இருக்காது.

"எம்புருஷன் உயிரோட இருந்தப்ப அவன எழுப்பி வேலைக்கு அனுப்புறதுக்குள்ள எனக்கு உசுரு போயிரும்," என்றாள். "செத்தப்புறம் எழுந்திருச்சு நடந்து வந்து வோட்டுப் போட்டிருக்கான் பாரு."

கசில்தா சிரிக்கவில்லை. களைக்கொட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"உயிரோடவே இருக்கட்டும்."

"யாரு?"

"எல்லாரும். நாப்பத்தொரு பேரும்."

பாசிலியாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் களைக்கொட்டைக் கீழே போட்டாள். இரண்டு பேரும் வீடு வீடாகப் போனார்கள். சில வீட்டில் அழுகை, ஒரு வீட்டில் அடிக்கவே வந்தார்கள். நான்கு மகன்களைப் பறிகொடுத்தவள், பிணத்தை வைத்து அவன் செய்த அசிங்கத்தை நாமும் செய்வதா என்று கேட்டாள். ஆமாம், அசிங்கம்தான் என்று மட்டும் கசில்தா சொன்னாள். லீனோவைக் கேட்க வேண்டியதே இருக்கவில்லை. தேர்தல் நாளிலிருந்தே எந்தப் பெண்ணின் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் இருந்தவன், காகிதத்தை நான் படிக்கிறேன் என்று தானாகவே வந்து நின்றான்.

வியாபாரி அளவுச் சங்கிலிக்காரனோடு வந்த காலையில் ஒவ்வொருத்தியும் தன் தன் வயலில் நின்றாள். வியாபாரி தடித்த, வேர்த்து வழிகிற மனிதர். இலாரியோ அவருக்குக் குடை பிடிக்காத குறையாக முன்னால் நடந்தான். சங்கிலியின் முதல் முனை கசில்தாவின் வயலில் விழுந்தது. அவள் அதைக் காலால் மிதித்துக்கொண்டாள்.

"இது யாரோட நிலம்னு விசாரிச்சீங்களா ஐயா?" என்று வியாபாரியிடம் கேட்டாள்.

ஊரில் இல்லாத ஆட்களின் நிலம், நான் காப்பாளன், எல்லாம் சட்டப்படி நடக்கிறது என்று இலாரியோ குறுக்கே விழுந்தான். கசில்தா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரவிக்கைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்து லீனோவிடம் கொடுத்தாள். லீனோ முத்திரையை வியாபாரியிடம் காட்டிவிட்டு நாற்பத்தொரு பெயரையும் படித்தான். ஜூலையில் நேரில் வந்து வாக்களித்தவர்கள்.

"இவங்க எல்லாம் யெர்பா இலை பறிக்க வடக்குக் காட்டுக்குப் போயிருக்காங்க," என்றாள் கசில்தா. "அறுப்புக்கு வந்துருவாங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் வெட்டுக்கத்தி இருக்கும். வந்து பாத்து, வீட்டு வாசல்ல மாடு மேஞ்சா என்ன சொல்லுவாங்களோ எனக்குத் தெரியாது. கையெழுத்து வேணும்னா அவங்ககிட்ட வாங்குங்க. நாங்க பொம்பளைங்க, எங்களுக்குச் சட்டம் தெரியாது."

வியாபாரி இலாரியோவைப் பார்த்தார்.

"இவங்க இருக்காங்களா, செத்தாங்களா?"

இலாரியோவின் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. செத்தார்கள் என்றால் அந்தத் தேர்தல் பொய், அவன் நீதிபதியே இல்லை, அவன் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. இருக்கிறார்கள் என்றால் ஐந்து மாதத்தில் திரும்பி வரப்போகிறவர்களின் நிலத்தை விற்க அவன் யார்? வேர்வை எண்ணெயோடு கலந்து அவன் காதோரம் வழிந்தது.

"இருக்காங்க," என்றான் கடைசியில்.

வியாபாரி சங்கிலியைச் சுருட்டச் சொன்னார். வம்புள்ள நிலம் வாங்கி ஏற்கெனவே கை சுட்டுக்கொண்டவர்போலிருக்கிறது. போகும்போது கசில்தாவைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு, கெட்டிக்காரி, இவளுடைய புருஷன் கொடுத்துவைத்தவன் என்று சொல்லிச் சிரித்தார். ஜெயித்த பெண்கள் யாரும் ஆரவாரம் செய்யவில்லை. குனிந்து களை எடுத்தார்கள்.

இலாரியோ நீதிபதியாகவே இருந்தான். அவனை இறக்க யாரிடம் போவது? நிலம் பெண்கள் கையிலேயே இருந்தது, ஆனால் யார் பெயரிலும் இல்லை. மரவள்ளி நன்றாக வேர்பிடித்தது.

நவம்பரில், இறந்தோர் நாளுக்கு, பாதிரியார் ஒருவர் கழுதையில் வந்தார். சண்டைக்குப் பிறகு ஊருக்கு வந்த முதல் பாதிரியார். கூரையில்லாத தேவாலயத்தில் பூசை வைத்து, இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள், ஒவ்வொருவருக்காகவும் செபிக்கிறேன் என்றார். பக்கத்தில் நாற்காலி போட்டு நீதிபதி உட்கார்ந்திருந்தான். மடியில் வெள்ளைக் காகிதம், கையில் பேனா. யார் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

பெண்கள் குழந்தைகளின் பெயரைச் சொன்னார்கள். தாய்மாரின் பெயரைச் சொன்னார்கள். கசில்தா தன் இரண்டு மகன்களின் பெயரைச் சொன்னாள். பாதிரியார் காத்திருந்தார். உன் கணவன் என்று கேட்டார்.

"காட்டுக்குப் போயிருக்காரு சாமி. வந்துருவாரு," என்றாள்.

பாதிரியார் வியந்து போனார். இத்தனை பெண்களுக்குக் கணவன்மார் பிழைத்திருக்கும் ஊரை அவர் எங்கும் பார்க்கவில்லையாம். கடவுள் இந்த ஊரைத் தனியாகக் கவனித்திருக்கிறார், நன்றி சொல்லுங்கள் என்றார். பெண்கள் நன்றி சொன்னார்கள்.

"அண்ணன் வந்ததும் நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க அண்ணி," என்றான் இலாரியோ, பேனாவைத் துடைத்தபடி.

சொல்கிறேன் என்றாள் கசில்தா.

வெளியே வந்தபோது மௌரா அவள் பாவாடையைப் பிடித்து நிறுத்தினாள். அப்பா சதுப்பு நிலத்தில் இறந்துவிட்டார் என்றுதான் எட்டு வயதுக் குழந்தைக்கு இதுவரை சொல்லியிருந்தாள். இப்போது பாதிரியாருக்கு முன்னால், பூசையில் நின்று, அம்மா வேறு மாதிரி சொன்னதைக் குழந்தை கேட்டிருந்தது. அதன் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அப்பா எப்பம்மா வருவாரு?"

இலாரியோ தேவாலய வாசலில் நின்று பாதிரியாரோடு பேசிக்கொண்டிருந்தான். காது இந்தப் பக்கம்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லலாம் என்று கசில்தா நினைத்தாள். சொன்னால் நாளைக்கு இவள் யாரிடமாவது சொல்வாள், குழந்தை. பத்துப் பேர் கேட்பார்கள், அதில் ஒருத்தி அந்த மூன்று வீடுகளில் ஒன்றில் இருப்பாள்.

"அறுப்புக்கு," என்றாள்.

மௌரா கையை உதறிக்கொண்டு, மற்றப் பிள்ளைகளிடம் சொல்ல ஓடினாள். பாசிலியா வந்து தான் பிடித்துக்கொண்டிருந்த சுருட்டைக் கசில்தாவிடம் நீட்டினாள். அவள் அதை வாங்கி ஓர் இழுப்பு இழுத்தாள். பிறகு இருவரும் வயலுக்கு நடந்தார்கள்.